கண்ணில் மஞ்சள், உடம்பில் நடுக்கம்

1956-ம் வருஷம் அக்டோபர் 5-ந் தேதி. லண்டனில் ஓர் ஆஸ்பத்திரி. சிகிச்சைக்காகத் தங்கியிருக்கும் மனைவியைப் பார்க்க ஒரு கணவர் வருகிறார். வந்தவர் நின்று பேசிக் கொண்டிருக்கும்போதே உடம்பு கிடுகிடுவென்று நடுங்க ஆரம்பிக்கிறது. பல்லோடு பல் அடித்துக் கொள்கிறது. ஜுரமானியை வைத்துப் பார்த்தால் 106 டிகிரி! நோயாளியைப் பார்க்க வந்தவரையே நோயாளியாக்கி, அதே ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுக்க வைத்து விடுகிறார்கள்.

அந்தக் கணவர் சாமானியமானவர் அல்ல. பிரிட்டனின் பிரதம மந்திரி ஸர் அந்தோணி ஈடன். எகிப்தின் நாஸர் சூயஸ் கால்வாயைத் தேச உடைமையாக்கி இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. உலகமே மூச்சைப் பிடித்துக் கொண்டிருந்த சமயம். யுத்தமா, சமாதானமா என்று தீர்மானிக்க வேண்டிய மனிதர் கம்பளிக்குள் நடுங்கிக் கொண்டிருந்தார்!

அந்த நடுக்கத்துக்கு மூன்று வருஷத்துக்கு முந்திய கதை ஒன்று உண்டு. 1953 ஏப்ரலில் ஈடனின் பித்தப்பையை லண்டனில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அப்போது அவர் அந்நிய நாட்டு மந்திரி. பித்தப்பையை எடுக்கும்போது, ஈரலிலிருந்து குடலுக்குப் பித்த நீர் போகும் குழாயும் சேதப்பட்டு விட்டது. அதே மாதம் மறுபடியும் கத்தி வைத்தார்கள். உயிர் பிழைத்ததே பெரும்பாடாயிற்று. பிறகு அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்குப் போய், இந்தக் குழாய் ரிப்பேரில் பேர் பெற்ற டாக்டர் ரிச்சர்டு காட்டெல் என்பவரிடம் ஜூன் மாதத்தில் மூன்றாவது ஆபரேஷன். தேறி வந்து, 1955-ல் பிரதம மந்திரியாகவும் ஆனார். ஆனாலும் ஒட்டுப் போட்ட குழாய் ஒட்டுப் போட்ட குழாய்தானே? அது குறுகும்போதெல்லாம் பித்த நீர் தேங்கும். தேங்கிய நீரில் கிருமி பெருகும். கிருமி பெருகினால் குளிர் நடுக்கமும் ஜுரமும் வரும். இப்படியே வந்து வந்து போயிற்று.

சூயஸில் ஈடன் செய்த காரியங்களுக்கு அவருடைய வியாதி எவ்வளவு காரணம், பிடிவாதம் எவ்வளவு காரணம் என்று சரித்திரக்காரர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். அந்த வழக்கு நமக்கு வேண்டாம். 1957 ஜனவரி 9-ந் தேதி அவர் உடல்நிலையைக் காரணம் காட்டி ராஜிநாமா செய்தார். அந்த வருஷமே மீண்டும் பாஸ்டனுக்குப் போய் ஆபரேஷன் செய்து கொண்டார். அதன் பிறகு இருபது வருஷ காலம் இருந்து, 1977-ல் தமது 79-வது வயதில் காலமானார்.

பிரதம மந்திரிக்கு வந்ததால் இந்த வியாதி சரித்திரத்தில் ஏறியது. நம் பக்கத்து வீட்டு மாமிக்கு வந்தால், 'மாமிக்குக் காமாலையாம்' என்ற நாலு எழுத்தில் முடிந்து விடுகிறது. அங்கேதான் ஆபத்து. எல்லாக் காமாலையும் ஒரே காமாலை அல்ல. பித்தக் குழாயில் கிருமி ஏறியதால் வரும் இந்தக் காமாலையை டாக்டர்கள் 'கோலாஞ்சைட்டிஸ்' என்கிறார்கள். 'பித்த நாள அழற்சி' என்று தமிழில் சொல்லலாம். பெயர் நினைவில் நிற்காவிட்டால் பாதகமில்லை. அடையாளம் நினைவில் நின்றால் போதும்.

ஒரு மரமும் ஒரு மடையும்

நம் ஈரல் நாள்தோறும் முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்த நீர் சுரக்கிறது. 'பித்தம்' என்றாலே ஏதோ கெட்ட வஸ்து என்று நினைக்கிறோம். 'பித்தம் தலைக்கேறி விட்டது' என்று வேறு சொல்லுகிறோம். உண்மையில், நாம் சாப்பிடும் நெய்யும் எண்ணெயும் ஜீரணமாவதற்குப் பித்த நீர் இல்லாமல் முடியாது.

ஈரலுக்குள்ளே மயிரிழை போன்ற குழாய்கள் ஆயிரக்கணக்கில் உண்டாகி, ஒன்றோடொன்று கூடி, மரத்தின் கிளைகள் அடிமரத்தில் சேருவது போல ஒரே குழாயாக வெளியே வருகின்றன. அந்த அடிமரத்தின் அகலம் பென்ஸில் பருமன்கூட இராது. அதன் பக்கத்தில் சின்னப் பை ஒன்று தொங்குகிறது. அதுதான் பித்தப்பை. ஒரு சிறு கரண்டி அளவு பித்த நீரைச் சேமித்து வைத்து, நாம் சாப்பிட்டதும் பிழிந்து விடும் கிடங்கு அது. குழாய் குடலில் போய்த் திறக்கும் இடத்தில் ஒரு மடை உண்டு. 1887-ல் ருக்கேரோ ஓடி என்ற இத்தாலிய இளைஞர், வைத்திய மாணவராக இருக்கும்போதே இந்த மடையை விவரித்து எழுதினார். இன்றும் அதற்கு அவர் பெயர்தான்.

மடை சரியாக வேலை செய்து, நீர் ஓடிக் கொண்டிருக்கும் வரையில் குழாய் சுத்தமாக இருக்கும். குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருந்தும் மேலே ஏற முடிவதில்லை. ஓடுகிற வாய்க்காலில் பாசி பிடிப்பதில்லை அல்லவா? அது போலத்தான். ஆனால், பித்தப்பையிலிருந்து ஒரு கல் நழுவி வந்து மடையில் அடைத்துக் கொண்டால் என்ன ஆகும்? நீர் தேங்குகிறது. குடல் கிருமிகள் தேக்கத்தில் குடியேறுகின்றன. குழாய்க்குள் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஓர் அளவுக்கு மேல் போனதும், கிருமியும் அதன் விஷமும் பின்புறமாகத் தள்ளப்பட்டு நேரே ரத்தத்தில் கலக்கின்றன. அந்தக் கணத்தில்தான் நடுக்கம் வருகிறது. குழாயில் இருந்த வியாதி அப்போது உடம்பு முழுவதற்குமான வியாதியாகி விடுகிறது. சில மணி நேரத்தில் ஆளையே சாய்த்து விடக் கூடியது.

அடைப்பதற்குக் கல்தான் பெரும்பாலும் காரணம். கட்டியால் வரும் அடைப்பும் உண்டு. ஈடனுக்கு வந்தது போலப் பழைய ஆபரேஷன் தழும்பால் குழாய் குறுகிப் போவதும் உண்டு. காஷ்மீரத்தில் வயிற்று நாக்குப் பூச்சியே குடலிலிருந்து குழாய்க்குள் ஏறி அடைத்த கேஸ்களை ஸ்ரீநகர் டாக்டர்கள் ஏராளமாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். தாய்லாந்தின் வடகிழக்கில் பச்சை மீன் சாப்பிடும் வழக்கத்தால் ஒரு தட்டைப்புழு ஈரல் குழாயில் குடியேறுகிறது. பூச்சி மருந்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் தொண தொணத்ததில் நியாயம் இருந்திருக்கிறது!

கல் விஷயத்தில் பெண்களுக்குத்தான் பங்கு அதிகம். பெண்களின் ஹார்மோன் பித்த நீரில் கொழுப்புச் சத்தைக் கூட்டுகிறது. கர்ப்ப காலத்தில் பித்தப்பை சோம்பி விடுகிறது. வேகமாக உடம்பை இளைக்க வைக்கிறேன் என்று பட்டினி கிடந்தாலும் கல் உண்டாகிறது. ரெயில்வே ஊழியர்களை வைத்து 1968-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், பித்தக் கல் தென்னிந்தியரை விட வட இந்தியருக்கு ஏழு மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதைப் படித்துவிட்டு, 'நமக்கு வராது' என்று யாரும் சும்மா இருந்து விடக் கூடாது. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமல்ல. நம் ஊர் ஸ்கேன் நிலையங்களில் கேட்டால் தெரியும்.

'வாயு குத்துகிறது'

ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். கலியாண வீட்டில் வடையும் பாயசமும் சாப்பிட்டு வந்த குடும்பத் தலைவிக்கு ராத்திரி ஒரு மணிக்கு வலது விலாவுக்குக் கீழே வலி. முதுகில், வலது தோள்பட்டை பக்கமாகக் கூடப் பிடித்து இழுக்கிறது.

"என்னம்மா, மறுபடியும் வாயுவா?" என்று மாமியார் எழுந்து வருகிறார்.

"ஆமாம் அத்தை. போன மாசம் வந்த மாதிரியேதான் குத்துகிறது."

"கொஞ்சம் ஓமத் தண்ணீர் வைத்துத் தருகிறேன், இரு."

ஓமத் தண்ணீர் வருகிறது. பெருங்காயமும் மோரும் வருகின்றன. விடிவதற்குள் வலி தணிந்தும் போகிறது. எல்லாரும் வாயு என்றே முடிவு கட்டுகிறார்கள். உண்மையில் பித்தப்பைக் கல் வாயிலில் வந்து இடித்துவிட்டுத் திரும்பப் போயிருக்கலாம். இப்படி நாலு முறை எச்சரித்துவிட்டு, ஐந்தாம் முறை அது குழாய்க்குள் இறங்கி விடுகிறது. மறுநாள் மத்தியானம் கம்பளி மேல் கம்பளி போர்த்தினாலும் அடங்காத குளிர். பிறகு கொதிக்கும் ஜுரம். பிறகு வியர்த்துக் கொட்டி விட்டுவிடுகிறது. 'மலேரியாவோ என்னமோ' என்று ஒரு மாத்திரை. அதற்கடுத்த நாள்தான், 'உனக்குக் கண் மஞ்சளாக இருக்கிறதே!' என்று யாராவது கண்டுபிடிக்கிறார்கள்.

வலது மேல் வயிற்றில் வலி, குளிர் நடுக்கத்துடன் ஜுரம், மஞ்சள் காமாலை: இந்த மூன்றும் ஒன்று சேர்ந்தால் பித்தக் குழாயில் கிருமி என்று 1877-ல் பாரிஸ் நகரத்து டாக்டர் ஷார்கோ சொன்னார். நரம்பு வியாதிகளில் உலகப் புகழ் பெற்ற அதே ஷார்கோதான். ஸ்கேன் இல்லாத காலத்தில், கட்டிலின் பக்கத்தில் நின்று பார்த்தே சொன்னது. நூற்றைம்பது வருஷம் ஆகப் போகிறது, இன்றும் வைத்திய மாணவர்கள் அதைத்தான் முதலில் மனப்பாடம் செய்கிறார்கள். 1959-ல் ரெய்னால்ட்ஸ், டார்கன் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் இன்னும் இரண்டு அடையாளங்களைச் சேர்த்தார்கள். ரத்த அழுத்தம் இறங்குவது ஒன்று. புத்தி தடுமாறுவது இன்னொன்று. இந்த ஐந்தும் கூடி விட்டால் உயிருக்கு மன்றாட வேண்டிய கட்டம் வந்து விட்டது என்று பொருள்.

ஆனால், மூன்றும் சேர்ந்து வரட்டும் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. நிறையப் பேருக்கு இரண்டுதான் வருகிறது. வயதானவர்களுக்கு வலியே இராது. ஜுரம்கூட எழும்பாது. சாப்பிடாமல் சுருண்டு படுப்பார்கள். சம்பந்தமில்லாமல் ஏதோ பேசுவார்கள். 'பாட்டிக்கு வயசாகி விட்டது, பிதற்றுகிறாள்' என்று பேரப் பிள்ளைகள் சிரித்து விட்டுப் போகிற அந்தப் பிதற்றல், ரத்தத்தில் கலந்த கிருமியின் வேலையாக இருக்கலாம். சர்க்கரை வியாதிக்காரர்களிடமும் இதே கள்ளத்தனம் உண்டு.

மஞ்சளைப் பார்ப்பதிலும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். மஞ்சள் தேய்த்துக் குளிக்கும் நம் பெண்களின் முகத்தைப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது. ராத்திரி விளக்கு வெளிச்சத்தையும் நம்ப முடியாது. பகலில் ஜன்னலோரம் உட்கார வைத்து, கீழே பார்க்கச் சொல்லி, மேல் இமையைத் தூக்கி வெள்ளை விழியைப் பாருங்கள். இன்னும் இரண்டு சாட்சிகள் உண்டு. சிறுநீர் கட்டித் தேயிலை டிகாக்ஷன் மாதிரி இறங்கும். மலம் நிறம் வெளுத்து, வெண்களிமண் போல இருக்கும். பித்த நீர் குடலுக்குள் போகவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி கிடையாது. வெட்கப்பட்டுக் கொண்டு பெண்கள் இதை டாக்டரிடம் சொல்லுவதில்லை. கட்டாயம் சொல்ல வேண்டும். உடம்பெல்லாம் காரணமில்லாத அரிப்பு இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

கீழாநெல்லியின் கீர்த்தி

காமாலை என்றதும் கீழாநெல்லி என்பது நம் வீடுகளில் சட்டம். அதை அரைத்து மோரில் கலந்து கொடுப்பதும், உப்பில்லாப் பத்தியம் வைப்பதும், இன்னார் ஊரில் இன்னார் ஒரு வேளை மருந்தில் இறக்கி விடுகிறார் என்று கூட்டிக் கொண்டு போவதும் தலைமுறை தலைமுறையாக வருகிற வழக்கம். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் கோபம் வராது. தண்ணீரிலும் பண்டங்களிலும் பரவுகிற சாதாரணக் காமாலை, ஈரலைத் தாக்கும் வைரஸினால் வருவது. அதில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கி விடும். இறங்குகிற நேரத்தில் கையில் இருந்த மருந்துக்குக் கீர்த்தி போய்ச் சேருகிறது. கீழாநெல்லி கொடுத்தவருக்கும் சாப்பிட்டவருக்கும் அதில் வஞ்சகம் ஒன்றுமில்லை.

அடைப்புக் காமாலை அப்படியல்ல. குழாய் வாயில் கல் உட்கார்ந்திருக்கிறது. எந்த இலையை அரைத்தாலும் அது நகராது. சாதாரணக் காமாலையிலும் ஆரம்பத்தில் ஜுரம் உண்டு. ஆனால், மஞ்சள் ஏற ஏற ஜுரம் விட்டு விடும். மஞ்சள் இருக்கும்போதே உதறல் எடுக்கும் ஜுரமும் வந்தால் கதை வேறு. பத்தியத்துக்கும் மருந்துக்கும் என்று ஒதுக்கும் மூன்று நாளில் நோயாளி கை மீறிப் போய் விடுவாள். கையிலும் வயிற்றிலும் சூடு போடுகிற வழக்கம் சில ஊர்களில் இன்னும் உண்டு என்று கேட்கும்போது மனம் பதறுகிறது. உள்ளே வெந்து கொண்டிருக்கிற உடம்புக்கு வெளியிலும் ஒரு தீப்புண்ணா!

மருந்துக் கடை வைத்தியமும் இந்த விஷயத்தில் கீழாநெல்லிக்கு இளைத்ததல்ல. போன தடவை மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் மாத்திரை இரண்டைப் போட்டால் ஜுரம் ஒரு நாள் இறங்கும். 'சரியாகி விட்டது' என்று தோன்றும். அடைப்பு அப்படியே இருக்கும். அடுத்த நடுக்கம் முன்னதை விடப் பலமாக வரும். மருந்து சாப்பிட்டு வந்தவருடைய ரத்தத்தில் எந்தக் கிருமி என்று பரிசோதனையில் பிடிப்பதும் கஷ்டமாகி விடும்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்கிறார்கள்?

மஞ்சளும் நடுக்கமும் சேர்ந்து கண்டால் அன்றே போக வேண்டும். 'நாளைக்கு வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை பார்க்கலாம்' என்பதற்கு இதில் இடமில்லை. பேச்சுத் தடுமாற்றமோ, கை கால் சில்லிட்டு மயக்கமோ இருந்தால் ஆட்டோவைத் தேடிக் கொண்டிராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். எங்கே போவது என்பதும் முக்கியம். பக்கத்துத் தெரு டாக்டர் முதல் உதவி செய்வார். ஆனால், உள்நோக்குக் குழாய் மூலம் அடைப்பை எடுக்கும் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் கடைசியில் போயாக வேண்டும். அந்த வசதி பணக்காரர்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் அது உண்டு.

போனதும் ரத்தம் எடுக்கிறார்கள். வெள்ளை அணுக்கள் கூடியிருக்கின்றனவா, பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் எவ்வளவு, சிறுநீரகம் தாக்குப் பிடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். ரத்தம் உறையும் நேரத்தையும் பார்ப்பார்கள். 'வயிற்று வலிக்கும் ரத்தம் உறைவதற்கும் என்ன சம்பந்தம்?' என்று தோன்றும். ரத்தம் உறைய வைட்டமின் 'கே' வேண்டும். அது கொழுப்போடு சேர்ந்துதான் உடம்பில் ஏறும். பித்த நீர் குடலுக்குப் போகாவிட்டால் கொழுப்பு ஜீரணமாவதில்லை, வைட்டமினும் ஏறுவதில்லை. ஆகையால் கத்தி படுவதற்கு முன் ஊசி போட்டு அந்தக் குறையைச் சரி செய்கிறார்கள்.

அடுத்தது ஸ்கேன். வயிற்றின் மேல் வழவழப்பாக எதையோ தடவி எடுக்கும் சாதாரண அல்ட்ராஸவுண்ட், பித்தப்பைக் கல்லையும் குழாய் வீங்கியிருப்பதையும் நன்றாகக் காட்டும். குழாயின் அடிக்கோடியில் உட்கார்ந்த கல்லை மட்டும் குடல் காற்று மறைத்து விடுவது உண்டு. 'ஸ்கேனில் குழாயில் கல் இல்லை என்று எழுதியிருக்கிறதே!' என்று வீட்டுக்குப் புறப்பட்டு விடாதீர்கள். சந்தேகம் தீராவிட்டால், எம்.ஆர்.சி.பி. என்ற காந்த ஸ்கேன் எடுத்துக் குழாய் முழுவதையும் படம் பிடிப்பார்கள். ஊசியும் மருந்தும் உள்ளே வேண்டாம், கத்தியும் வேண்டாம், அசையாமல் படுத்திருந்தால் போதும்.

சிகிச்சை இரண்டு பாகம். முதல் பாகம் உடனே ஆரம்பமாகிறது. நரம்பு வழியாகத் திரவமும், கிருமியைக் கொல்லும் ஊசி மருந்தும் ஏற்றுகிறார்கள். இதிலேயே பலருக்கு ஜுரம் தணிந்து விடும். இரண்டாம் பாகம் அடைப்பை விலக்கித் தேங்கிய நீரை வடிய விடுவது. 'ஊசியிலேயே நன்றாகி விட்டதே, அது எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. சமையலறைத் தொட்டிக் குழாய் அடைத்துக் கொண்டால் பினாயில் ஊற்றினால் நாற்றம் போகும், அடைப்புப் போகுமா?

அடைப்பை நீக்குவதென்றால் ஒரு காலத்தில் வயிற்றைக் கிழிப்பது ஒன்றுதான் வழி. ரத்தத்தில் கிருமி கலந்து, அழுத்தம் இறங்கிக் கிடக்கும் மனுஷிக்கு மயக்கம் கொடுத்து வயிற்றைத் திறப்பது எவ்வளவு பயங்கரம் என்று யோசித்துப் பாருங்கள். 1968-ல் அமெரிக்காவில் மக்யூன் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும், வாய் வழியே விட்ட நோக்குக் குழாயைக் கொண்டு பித்தக் குழாயின் மடைக்குள் ஒரு நுண்குழாயைச் செலுத்திக் காட்டினார்கள். 1974-ல் ஜப்பானில் ஒரு கோஷ்டியும், ஜெர்மனியில் ஒரு கோஷ்டியும், அதே வழியில் மின்கம்பியை விட்டு மடையை இலேசாகக் கீறிக் கல்லை எடுத்தார்கள். இதுதான் இன்று 'இ.ஆர்.சி.பி.' என்று நாம் கேள்விப்படுகிற சிகிச்சை.

புது வழி நிஜமாகவே மேலானதுதானா என்ற கேள்விக்கு ஹாங்காங் டாக்டர்கள் பதில் கண்டார்கள். குழாயில் கல்லும் கடுமையான கிருமித் தொற்றுமாக வந்த 82 பேரை இரண்டு சம பாகமாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஆபரேஷனும், பாதிப் பேருக்கு நோக்குக் குழாய் மூலம் வடிகாலும் செய்தார்கள். 1992-ல் முடிவு வெளியாயிற்று. ஆபரேஷன் செய்தவர்களில் ஆஸ்பத்திரியிலேயே இறந்தவர்கள் நூற்றுக்கு 32. நோக்குக் குழாய்க்காரர்களில் நூற்றுக்கு 10. அதன் பிறகு வாதத்துக்கு இடமேது?

நோயாளிக்கு இதில் என்ன நடக்கிறது என்று தெரிந்து விட்டால் பாதி பயம் போய் விடும். சுமார் ஆறு மணி நேரம் பட்டினி. பிறகு தூக்க மருந்து. வாய் வழியே விரல் பருமனில் வளையக்கூடிய குழாய் உள்ளே போகிறது. எக்ஸ்ரேயில் பார்த்துக் கொண்டே மடையைக் கொஞ்சம் கீறி, சின்னக் கம்பி வலையினாலோ பலூனினாலோ கல்லை இழுத்துக் குடலில் போட்டு விடுகிறார்கள். அது தானே வெளியேறிவிடும். நோயாளி மிகவும் தளர்ந்திருந்தால் அன்று கல்லைத் தேடிக் கொண்டிராமல், 'ஸ்டென்ட்' என்ற சிறு பிளாஸ்டிக் குழாயைச் செருகி நீரை மட்டும் வடிய விட்டு, கல்லைப் பிறகு பார்த்துக் கொள்வார்கள். வாய் வழி சாத்தியப்படாதவர்களுக்கு, விலாவின் பக்கமாகத் தோல் வழியே ஈரல் குழாய்க்கு ஊசி செலுத்தி வடிக்கும் முறையும் இருக்கிறது. வயிற்றைத் திறப்பது கடைசி யோசனை.

எப்போது செய்வது? ரத்த அழுத்தம் இறங்கியவர்களுக்குச் சில மணி நேரத்துக்குள். மற்றவர்களுக்கு மருந்து கொடுத்து நிதானப்படுத்தி ஓரிரண்டு நாட்களில். கர்ப்பிணிகளுக்கும் தேவைப்பட்டால் எக்ஸ்ரே மிகக் குறைவாகப் படும்படி செய்கிறார்கள். நாள் தள்ளியிருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால்கூடச் சொல்லி விட வேண்டும். இதில் அபாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நூற்றில் சிலருக்குக் கணையம் வீங்கிப் புது வயிற்று வலி வருவதுண்டு. சிலருக்கு ரத்தம் கசியும். கையெழுத்து வாங்கும்போது டாக்டர் இதையெல்லாம் சொன்னால், பயமுறுத்துகிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. சொல்லாவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

கல்லை எடுத்தாகி விட்டது; கண் வெளுத்து விட்டது; பசி எடுக்கிறது. இத்துடன் காரியம் முடிந்து விட்டது என்று பெரும்பாலான வீடுகளில் நினைக்கிறார்கள். குழாயிலிருந்த கல்தான் போயிருக்கிறது. கல்லை உண்டு பண்ணிய பித்தப்பை அப்படியே இருக்கிறது. அதையும் எடுத்து விடும்படி டாக்டர்கள் சொல்லுவார்கள். அதே தடவையிலோ, சில வாரங்களுக்குள்ளோ செய்து கொள்வது உத்தமம். தள்ளிப் போட்டால் இன்னொரு கல் அதே வழியில் இறங்கும். 1882-ல் பெர்லினில் லாங்கன்பூக் என்ற டாக்டர் முதன் முதலாகப் பித்தப்பையை எடுத்தபோது வயிற்றைத் திறந்து செய்தார். இப்போது நாலு சின்னத் துவாரம் போட்டு எடுத்து, அநேகமாக மறுநாளோ அதற்கடுத்த நாளோ வீட்டுக்கு அனுப்பி விடுகிறார்கள். இந்தியாவில் இந்த முறை 1990-ல் பம்பாயில் ஆரம்பமாயிற்று. ஈடன் கதையைப் படித்துப் பயந்து போயிருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: அவருக்கு நேர்ந்தது போலக் குழாய் சேதப்படுவது இன்று மிகவும் அபூர்வம். ஆயினும், 'நீங்கள் இந்த ஆபரேஷனை நிறையச் செய்திருக்கிறீர்களா?' என்று டாக்டரைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

பித்தப்பை போன பிறகு என்ன சாப்பிடுவது என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஈரல் பித்த நீர் சுரப்பதை நிறுத்துவதில்லை; சேமிக்கும் கிடங்கு மட்டும்தான் போய் விட்டது. ஆரம்பத்தில் சில வாரம் பொரித்த பண்டங்களையும் நெய்யையும் குறைத்துக் கொண்டால் வயிறு பழகி விடும். அப்புறம் அவியலும் சாப்பிடலாம், அடையும் சாப்பிடலாம்.

கடைசியாக ஒரு விஷயம். பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருந்தால், அது நிரந்தரமாக இருக்க வந்ததல்ல. மூன்று மாதம் ஆனால் அதுவே அடைத்துக் கொள்ள ஆரம்பிக்கும். உள்ளே அது இருப்பது நோயாளிக்குத் தெரியவே தெரியாது, வலிக்காது, உறுத்தாது. பண்டிகை, கலியாணம், குழந்தைகளின் பரீட்சை என்று நாள் ஓடி விடும். 'அதை எடுக்கச் சொன்னார்களே!' என்று ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து மறுபடியும் நடுக்கம் வந்து படுத்த பிறகு ஞாபகம் வருகிற கேஸ்களை எல்லாப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் பார்க்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கும்போதே, 'உள்ளே ஸ்டென்ட் இருக்கிறதா? என்றைக்கு எடுக்க வேண்டும்?' என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும், பால் கணக்கு எழுதும் காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு விட்டுப் பிறகு காப்பியைக் கலக்கலாம்.